ஐம்பத்தேழு நாரையும் நாலு சந்தேகமும்

காட்டு மிருகத்தையும் பறவையையும் படம் பிடிக்கிற தொழிலில் முதல் சங்கடம், "அசையாதீர்கள்" என்று நாம் சொல்வது படம் கேட்டு வந்தவருக்குத்தான் கேட்கும். படத்தில் விழ வேண்டியதற்குக் கேட்காது.

அழுகிற குழந்தையைப் பிடித்து மொட்டையடித்தவர்கள், நழுவின கோழியைத் தெருத்தெருவாக விரட்டியவர்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனை ஓரிடத்தில் உட்கார வைக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் என் கூட்டாளிகள்தான். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பாளையங்கோட்டையில் ஒரு படக்கடையில் படம் விழுகிற கண்ணாடி பிளேட் கழுவும் வேலைக்குப் போய், ஒன்பது வருஷம் இருட்டறையில் இருந்தேன். இருட்டில் கடிகாரம் தெரியாது. பிளேட்டை மருந்தில் எவ்வளவு நேரம் வைப்பது என்று மனதுக்குள் எண்ணித்தான் அறிய வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. இன்றைக்கும் படியேறினால் எண்ணுவேன். பிறகு அம்பாசமுத்திரத்துக்கு வந்து சொந்தமாக ஒரு பழைய காமிரா வைத்துக்கொண்டேன். ஒரு பெட்டி, அதைத் தாங்க மூன்று கால், மேலே போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. நல்ல வெயிலில் இரண்டு எண்ணும் வரை மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மேகம் போட்டால் ஐந்து. மர நிழலில் இருபது. அதற்குள் அசைந்தது எதுவும் பிளேட்டில் நிற்காது, புகையாகப் போய்விடும். கறுப்புத் துணியில் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே போய்விட்டால் யாரும் நம் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தத் தொழிலை நான் விடாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சாமான் தூக்க என்னோடு வந்தவர் சுடலைமுத்து. என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் ஒரு மாதத்தில் பேசுவதை அவர் ஒரு வெற்றிலை மெல்லுவதற்குள் பேசிவிடுவார்.

மிட்டாதாரும் சிறுத்தையும்

அந்தக் காலத்தில் மிருகத்தைப் படம் எடுப்பது என்றால் செத்த மிருகத்தை எடுப்பதுதான். யாராவது சுடுவார்கள், ஆள் அனுப்புவார்கள், நான் போய் எடுப்பேன். ஒரு பனிக்காலத்தில் மட்டும் பதினெட்டு மிருகங்களை எடுத்தேன். பதினெட்டும் செத்தவை. அவற்றால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. தொந்தரவெல்லாம் பக்கத்தில் நிற்கிறவர்களால்தான்.

மலையடிவாரத்தில் ஒரு மிட்டாதார், பெரிய நிலக்காரர், சிறுத்தை சுட்டார். அதைக் கீழே கிடத்தி, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் தலைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டார். மேகம் போட்ட நாள்; ஐந்து எண்ண வேண்டும். மூன்று எண்ணும்போது சிறுத்தையின் மேல் இருந்த ஈ ஒன்று எழுந்து மிட்டாதாரின் மீசையில் உட்கார்ந்தது. அவர் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்ததால் தலையை உதறினார். இரண்டு நாள் கழித்துப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறுத்தையின் மீசை முடியை எண்ணலாம். ஒரு பக்கம் பதினொன்று, மறுபக்கம் ஒன்பது. மிட்டாதாருக்குக் கழுத்து வரைதான் இருந்தது. அதற்குமேல் கொஞ்சம் புகை, புகைக்குமேல் தலைப்பாகை. படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏம் வே, செத்த மூதி இம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு, உசுரோட இருக்க எனக்குத் தலையக் காணும். பாக்கவன் கேட்டா யாரு யாரச் சுட்டதுன்னு நான் சொல்லட்டும் வே?"

நீர்நாய் இருந்த பாறை

சிறுத்தையின் இருபது மீசை முடியை எண்ணின பிறகு, உயிரோடு ஒரு மீசை அசைவதைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதிலிருந்து செத்ததை எடுக்கக் கூப்பிட்டால் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகு வலி என்றேன்.

முக்கூடலுக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் ஐந்து நீர்நாய்கள் இருந்தன. காலையில் ஒரு பாறைமேல் ஏறி வெயில் காயும். எதிர்க்கரையில் நாணலுக்குள் காமிராவை வைத்து, துணிக்குள் புகுந்து, மூன்று நாள் காலையில் காத்திருந்தேன். துணிக்குள் இருப்பவனுக்கு முன்னால் இருக்கிறது மட்டும்தான் தெரியும். பாறைக்குப் பக்கவாட்டில் பத்துக் காலடி தூரத்தில் பெண்கள் குளிக்கிற படித்துறை இருந்தது எனக்குத் தெரியாது. ஐந்து நீர்நாயை எண்ணினவன் எட்டுப் பெண்களை எண்ணாமல் விட்டேன். மூன்றாம் நாள் என்னைச் சுற்றி ஈரச் சேலைகளின் சத்தம் கேட்டது. "யாரு வே அது? வெளிய வாரும்!" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் வெளியே வரவில்லை. எனக்குப் பதிலாகச் சுடலைமுத்து, "அண்ணாச்சி நீர்நாயப் படம் புடிக்காவ, உங்கள ஒண்ணும் பாக்கல, பாத்தாலும் அவாளுக்கு ஒண்ணுந் தெரியாது" என்று சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகு சத்தம் இரண்டு மடங்கு ஆனது.

கடைசியில் ஒரு நடுவயது அம்மாள், கையில் துணி துவைக்கிற கட்டையோடு, "தள்ளும், நானே பாக்கேன்" என்று துணிக்குள் தலையை விட்டாள். காமிராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஆறு மேலே, வானம் கீழே, நடுவில் ஐந்து நீர்நாய்கள் பாறையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒன்றையொன்று சொறிந்துகொண்டிருந்தன. படித்துறை அதில் இல்லை. அவள் வெளியே வந்து அடுத்தவளை உள்ளே தள்ளினாள். எட்டுப் பேரும் வரிசையாகப் பார்த்தார்கள். எட்டாவது ஆள் பார்க்கும்போது பாறைதான் இருந்தது. முதலில் பார்த்த அம்மாள் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "நாம குளிக்கத நீர்நாய் பாக்குது, நீர்நாய் குளிக்கத இவரு பாக்காரு, அதும் தலைகீழா. விட்டுருங்கட்டி, இதுக்கு மேல இவர நாம என்ன செய்ய?"

மூணுகால் மாடன்

புதிதாக ஒரு பொருளைக் கண்டால் காட்டு உயிர் பக்கத்தில் வராது. அதனால் காமிரா வைக்கப் போகிற இடத்தில் முன்கூட்டியே மூன்று காலை நிறுத்தி, துணியைப் போர்த்தி, சில நாள் அப்படியே விட்டுவிடுவேன். பழகின பிறகு போய்ப் பெட்டியை ஏற்றினால் போதும். இது நானாகக் கண்டுபிடித்த முறை. இதில் ஒரு குறை இருப்பதைப் பாபநாசத்துக்குக் கீழே தெரிந்துகொண்டேன்.

அங்கே ஆற்றோரத்து மருத மரத்தில் ஒரு மலை அணில் இருந்தது. பூனை அளவு, செம்பட்டை முதுகு, வாலே ஒரு முழம். மரத்தடியில் மூன்று காலை நிறுத்தினோம். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு மண்பானையைக் கவிழ்த்து, கறுப்புத் துணியைச் சுற்றிவிட்டு வந்தோம். ஒன்பதாம் நாள் போனபோது பானைக்கு இரண்டு கண் எழுதியிருந்தது. மீசையும் இருந்தது. கழுத்தில் அரளி மாலை. முன்னால் தேங்காய் முறி பதினான்கு. பானையின் உச்சியில், காமிரா இருக்க வேண்டிய அதே இடத்தில், அந்த மலை அணில் உட்கார்ந்து தேங்காய் தின்றுகொண்டிருந்தது. நான் மூன்று முழ தூரத்தில் நின்றேன். அது ஓடவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது. பெட்டி என் தோளில் இருந்தது; அதை வைப்பதற்குத்தான் இடம் இல்லை.

பக்கத்தில் விபூதித் தட்டோடு ஒருவர் வந்து நின்றார். பக்கத்து ஊர்க்காரர், நாலு நாளாகச் சாமியாடுகிறாராம். இது என்னுடைய கால், என்னுடைய துணி என்று பையச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எனக்கும் கொஞ்சம் திருநீறு கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாடனுக்கு அணில் வாகனம் தானா அமைஞ்சி போச்சி, இனி அசைக்கப்படாது. நீரு செஞ்ச காலுன்னு சொல்லுதீரு, சரி. அப்பம் வருசக் கோயில் கொடைக்கு மொத மரியாத உமக்குத்தான், மறக்காம வந்துரும்."

ஒரு பெட்டி, பன்னிரண்டு பிளேட்

தச்சரிடம் வேறு மூன்று கால் செய்துகொண்டேன். அந்த வருஷம் சீமையில் சண்டை மூண்டு, கப்பலில் பிளேட் வருவது நின்றுபோனது. என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு. அந்த நேரத்தில்தான் ஒரு கிராம முன்சீப், ஊர் வரி வசூலிக்கிற அதிகாரி, என்னைத் தேடி வந்தார்.

முக்கூடலிலிருந்து தெற்கே போனால் அவருடைய ஊர். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஊர்க் குளத்துக்குள் நாட்டுக் கருவை மரங்கள் கூட்டமாக நிற்கும். தை பிறந்தால் அவற்றில் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். அந்த ஊரில் கல்யாணத்துக்குக்கூட வெடி போட மாட்டார்கள், குளத்துப் பக்கம் கல் எறிய மாட்டார்கள். நாரையின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம். இப்போது ரயிலுக்கு விறகு வேண்டும் என்று அந்த மரங்களை ஒரு விறகுக் கண்டிராக்டர் ஏலத்தில் எடுத்துவிட்டார். ஊரார் மனுப் போட்டார்கள். மரத்தில் நாரை கிடையாது, நாலைந்து காக்கைதான் என்று கண்டிராக்டரும் மனுப் போட்டார். பங்குனிக் கடைசியில் தாசில்தார் விசாரணை. அதுவரை கோடாலி வைக்கக் கூடாது. அதற்குள் நாரை இருக்கிறதைப் படத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குஞ்சோடு கூட்டோடு மரம் சாயும்.

மறுநாள் காலையே போனேன். மேகம். ஐந்து எண்ணினேன். கூட்டுக்கு வருவதும் போவதும், கழுத்தை நீட்டுவதும் மடக்குவதும், குச்சி கொண்டுவந்து கொடுப்பதுமாக ஒரு நாரைகூட ஐந்து எண்ணிக்கைக்கு நிற்கவில்லை. கழுவிப் பார்த்தால் மரம் இருந்தது, கூடு குச்சிக் குவியலாக இருந்தது, குளம் இருந்தது. நாரை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு உயிர்தான் தெளிவாக விழுந்திருந்தது. "அசையாதீர்கள்" என்று நான் சொன்னதைக் கேட்டுக் கரையில் விறைத்து நின்ற முன்சீப். "படம் சரியில்லை, அனுப்ப வேண்டாம்" என்று எழுதி ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் படத்தைப் பார்த்தார்; சீட்டைப் பார்க்கவில்லை. அன்றைக்கே மனுவோடு சேர்த்து அம்பாசமுத்திரம் தாசில்தாருக்கு அனுப்பிவிட்டார்.

தாசில்தார் கச்சேரி வாசலில் கண்டிராக்டர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது? நான் பத்துச் சாட்சி தேடி அலஞ்சேன் அண்ணாச்சி, ஒருத்தனும் வரல. நீங்க ஒரு படத்துல முடிச்சிட்டீங்க. ஒரு குருவிகூட இல்லாம எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கீங்க!"

ஆளுக்கு ஒரு யோசனை

நான் எடுத்த படமே நாரைக்கு எதிர்ச்சாட்சி ஆனது. அதைப் பொய்யாக்க என்னிடம் பதினொரு பிளேட் மிச்சம் இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பிளேட்டிலும் புகைதான். ஐந்தாவதில் காற்று அடித்து மரமும் சேர்ந்து போனது. ஊரார் கரையில் கூடி ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மீனில் அபின் வைத்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். மந்திரவாதியைக் கூப்பிட்டுக் கட்டலாம் என்றார் ஒருவர். முன்சீப் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிளேட்டில் ஊசியால் கீறினால் படத்தில் கோடு விழுமாமே என்று கேட்டார். விழும் என்றேன். "அப்பம் ஒரு ஆயிரம் நாரையக் கீறிப்போடும் வே. நாரைதான கேக்கான், அது எங்க பெறந்ததுன்னா கேக்கான்?" என்றார். முடியாது என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார்.

ஆறாவது பிளேட்டை எடுக்கும்போது, எல்லா நாரையும் காமிராவைப் பார்க்கட்டும் என்று சுடலைமுத்து நல்ல மனதோடு கையைத் தட்டிவிட்டார். அத்தனையும் எழுந்து பறந்தன. திரும்பி வர முந்நூற்றுப் பத்து எண்ணும் நேரம் ஆயிற்று. அதற்குள் காக்கைகள் வந்து மூன்று முட்டைகளைத் தூக்கின. அந்த மூன்றையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். நாரையைக் காப்பாற்றுவதற்காக எடுக்கிற படமாகவே இருந்தாலும், அந்த மூன்றை எடுத்துக்கொள்ள எனக்குப் பாத்தியதை கிடையாது. மூன்று காலைத் தூக்கிக்கொண்டு கரையின் கடைசிக்குப் போனேன். பதினேழு நாள் பெட்டியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பார்த்ததில் ஒன்று தெரிந்தது. குஞ்சு பொரித்த பிறகு, உச்சி வெயிலில், தாய் நாரை கூட்டின்மேல் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று இரண்டு இறக்கையையும் விரித்துக்கொள்கிறது. அந்த நிழலில் குஞ்சுகள் கிடக்கும். குடை பிடித்தது மாதிரி நிற்கும். நூறு எண்ணினாலும் அசையாது. எந்தப் படக்காரனும் உச்சி வெயிலில் காமிராவை வெளியே எடுக்க மாட்டான், நிழல் கறுத்துவிடும். நானும் அதுவரை அந்த நேரத்தில் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் கிட்டப் போக வேண்டும். தாய் பயந்து எழுந்தால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வெந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து முழம் மட்டும் முன்னால் போனேன். முதலில் கரையில், பிறகு முழங்கால் தண்ணீரில். எந்த நாரையாவது கழுத்தைத் தூக்கினால் அன்றைக்கு ஒரு முழம் பின்னால் வந்தேன். பதின்மூன்றாம் நாள் போதுமான தூரத்துக்கு வந்து சேர்ந்தேன். ஏழாவது பிளேட். ஒன்று, இரண்டு. மூடினேன். ஒரு நாரையும் எழவில்லை.

கழுவின பிளேட்டைச் சுடலைமுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, நம்ம வெயிலுக்குள்ள நிக்க வச்சது நாரைய இல்ல, நம்மளத்தான், அது பாட்டுக்கு அது எப்பமும் நிக்குது, நம்மதான் அந்நேரம் சோத்துக்குப் போயிருக்கோம்."

விசாரணை

பிரதி போட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஏழு தடவை எண்ணினேன். ஆறு தடவை ஐம்பத்தேழு நாரை வந்தது. ஒரு தடவை ஐம்பத்தெட்டு, அது தூசி. இவை தவிர இலைக்கு நடுவில் நாலு வெள்ளை இருந்தது. நாரையாகவும் இருக்கலாம், இலையில் பட்ட வெயிலாகவும் இருக்கலாம். முன்சீப்பிடம் அப்படியே சொன்னேன். "மனுவுல ஆயிரம்னு எழுதியாச்சி. கேட்டா ஆயிரம்னு சொல்லும், இல்லாட்டா வாய மூடிக்கிட்டு இரும். ரெண்டாவது உமக்கு நல்லா வருமே" என்றார்.

தாசில்தார் வெளியூர்க்காரர், வயதானவர். படத்தை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். கண்டிராக்டர் எழுந்து, "ஐயா, உயிருள்ள பறவை இப்படி இறக்கையை விரிச்சுக்கிட்டு நிக்குமா? செத்த நாரையைக் குச்சியில கட்டித் தொங்க விட்டிருக்காங்க. இந்தப் படக்காரர் செத்த மிருகத்தை எடுக்கிறதுல பேர் போனவர், மலையடிவாரத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ஊரார் சத்தம் போட்டார்கள். தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். அங்கே கறுப்புத் துணி இல்லை.

"இதில் எத்தனை நாரை?" என்று கேட்டார். முன்சீப் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். குளம், மரம், குஞ்சு எல்லாம் என் வாயில் தொங்குவது எனக்குத் தெரியும். ஆயிரம் என்று சொல்லத்தான் நினைத்தேன். முப்பது வருஷம் எண்ணின வாய் அதற்கு வளையவில்லை. "ஐம்பத்தேழு. நாலு சந்தேகம்" என்றேன். பின்னால் ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "என்ன சந்தேகம்?" என்றார் தாசில்தார். "இலையாகவும் இருக்கலாம்" என்றேன். அவர் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கித் தாமே எண்ண ஆரம்பித்தார். விரலை வைத்து எண்ணினார். நடுவில் விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். கடைசியில் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சொன்னார்: "பொய் சொல்ல வருகிறவன் ஒன்றுமே இல்லை என்பான், இல்லாவிட்டால் ஆயிரம் என்பான். தன் கட்சிக்கே பாதகமாக நாலைச் சந்தேகத்தில் நிறுத்துகிற பொய்யனை இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் கண்டதில்லை. மரத்தை வெட்ட வேண்டாம்."

மேற்படி நாரைகள்

உத்தரவு எழுத்தில் வந்தது. முன்சீப் அதைப் படித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். "மேற்படி குளத்துக் கருவை மரங்களில் வாசம் செய்யும் ஐம்பத்தேழு நாரைகளுக்கும், சந்தேகத்துக்குரிய நாலு நாரைகளுக்கும் இடைஞ்சல் இல்லாதபடி மேற்படி மரங்களை வெட்டாமல் விட வேண்டியது. மேற்படி நாரைகள் இருந்து வருகின்றனவா என்று கிராம முன்சீப் வருஷா வருஷம் படக்காரரின் கையெழுத்தோடு ரிப்போர்ட் செய்ய வேண்டியது." ஊரார் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். நான் கறுப்புத் துணியைத் தேடினேன்.

அடுத்த வருஷம் எண்பத்து மூன்று நாரை கூடு கட்டியது. நான் எண்ணிச் சொன்னதும் முன்சீப் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உத்தரவுல ஐம்பத்தேழுதான வே இருக்கு? மிச்ச நாரைக்கு நான் எங்க போவேன்? அதுக்கு உத்தரவு எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, அந்த நாலு சந்தேகம் எது எதுன்னு காட்டும், அதையாவது அடையாளம் பாத்து வச்சிக்கிடுதேன்" என்றார். ரிப்போர்ட்டில் ஐம்பத்தேழு என்றும் சந்தேகம் நாலு என்றும் எழுதினார். கூடுதலாக இருப்பதைக் குறைத்துச் சொல்லுவதால் நாரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு மூன்றாம் வருஷம் மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவு. குளத்தில் பாதி தரை. நாரை பத்தொன்பதுதான் வந்தது. நான் ஒன்பது தடவை எண்ணினேன், கூடுமா என்று பார்ப்பதற்காக. கூடவில்லை. விறகுக்கு அப்போது இன்னும் கிராக்கி. கண்டிராக்டர் மாதம் ஒரு தடவை குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். முன்சீப் ரிப்போர்ட்டை எழுதி என் முன்னால் வைத்தார். ஐம்பத்தேழு, சந்தேகம் நாலு. நான் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பத்தொன்பது என்று அதில் எழுதிக்கொண்டேன். பிறகு ரிப்போர்ட்டில் எண் இருந்த இடத்தைப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டேன். இல்லாததைக் கூட்டிச் சொல்லி நான் தெரிந்து செய்த தப்பு அது ஒன்று. எத்தனை தடவை எண்ணினாலும் அது ஒன்றுதான், அதற்காக வருத்தமும் வரவில்லை.

மரம் நின்றது. மழை வந்தது. பிறகு அறுபத்து நாலு, எழுபத்தாறு, நூற்று எட்டு என்று என் நோட்டில் இருக்கிறது. நூற்று எட்டு வந்த வருஷம், இனியாவது உள்ளதை உள்ளபடி எழுதலாமே என்று முன்சீப்பிடம் பைய ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டில் மை காய ஊதிக்கொண்டே சொன்னார்: "நாரை கூடட்டும், குறையட்டும், அது அதுக பாடு, நல்லா இருக்க கணக்குல மட்டும் கைய வைக்காதேயும் வே!"

உயிருள்ளதை ஓர் இடத்தில் அசையாமல் நிற்க வைத்துப் படம் பிடிக்க முப்பது வருஷத்துக்குமேல் பாடுபட்ட எனக்கு, கடைசி வரை அசையாமல் நின்று கொடுத்தது சர்க்கார் தஸ்தாவேஜில் இருக்கிற அந்த ஐம்பத்தேழு நாரையும் நாலு சந்தேகமும்தான்.